கழுதை ஆடுவோம்: நண்பர்கள் கூடும் இரவுக்கு ஒரு கடதாசி விளையாட்டு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நாலு பேர் கூடிய இடத்தில் கடதாசிக் கட்டு ஒன்று வெளியே வந்துவிட்டால், பெரியவர்கள் முந்நூற்றிநாலுக்குத்தான் கால் மடித்து உட்காருவார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என ஒரு வகைக்கு 76 புள்ளிகள். நான்கு வகைக்கும் சேர்த்தால் 304. எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்டு, துரும்பை, அதாவது மற்ற வகைகளையெல்லாம் வெல்லும் வகையை, மறைத்து வைத்து, எதிரே இருக்கும் கூட்டாளியின் கையை ஊகித்து ஆட வேண்டிய நுட்பமான விளையாட்டு அது. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடதாசியைக் கையில் பிடிப்பவரை அதில் இருத்தினால் அவருக்குச் சலிப்பு, அவருடைய கூட்டாளிக்குக் கோபம். புதியவர்கள் கலந்திருக்கும் இரவுக்குக் கழுதைதான் பொருத்தமானது என்பது என் கருத்து. ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம், பத்து வயதுப் பிள்ளையும் அம்மம்மாவும் ஒரே பாயில் இருந்து ஆடலாம், புள்ளி எழுதக் கொப்பியும் பேனையும் தேட வேண்டியதில்லை.

இந்த விளையாட்டில் வென்றவர் என்று ஒருவரும் இல்லை. கையிலுள்ள தாள்களையெல்லாம் முடித்தவர்கள் ஒவ்வொருவராகத் தப்பிப் போக, கடைசியில் தாள்களோடு எஞ்சி நிற்பவர் கழுதையாகிறார். எனவே எதையும் சேர்க்க வேண்டும் என்ற நோக்கம் இங்கே இல்லை. கையிலிருப்பதைக் கழிப்பதே வேலை. வேறு கடதாசி விளையாட்டுகளில் பழகியவர்கள் இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெரிய தாள் கையில் வந்தால் மகிழ்கிற பழக்கம் இங்கே உதவாது.

கட்டைச் சரிபார்த்தல்

விளையாட்டுக்கு 52 தாள்களும் வேண்டும். இது சொல்லத் தேவையில்லாத செய்தி போலத் தோன்றலாம். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் கட்டுகளில் பாதி, முந்நூற்றிநாலுக்காக இரண்டு முதல் ஆறு வரையுள்ள 20 தாள்களையும் கழற்றி ஒதுக்கிய 32 தாள் கட்டுகள்தான். கழற்றிய 20 தாள்கள் அலுமாரியின் ஏதாவது ஒரு மூலையில், இறப்பர் பட்டியால் கட்டப்பட்டோ பழைய கலண்டர்த் தாளில் சுற்றப்பட்டோ கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்துச் சேர்த்து, வகைவகையாகப் பிரித்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: ஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் ஒவ்வொன்றிலும் 13 இருக்க வேண்டும். ஓரிரு தாள்கள் தொலைந்திருந்தால் கட்டை எறிய வேண்டியதில்லை. கட்டோடு வரும் ஜோக்கர் தாள்களில் தொலைந்த தாளின் பெயரைப் பேனையால் எழுதி ஈடு செய்யலாம். எழுத்து முன்பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்பதையும், முதுகுப்பக்கத்தில் ஒரு மடிப்போ கறையோ இருந்தால் அந்தத் தாள் யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

தாள்களின் வரிசையைத் தொடங்குமுன் உரக்கச் சொல்லிவிடுவது நல்லது. கழுதையில் ஏஸ்தான் பெரியது; அதன் பின் இராசா, இராணி, ஜாக், பத்து, ஒன்பது என்று எண் குறைந்துகொண்டே போய் இரண்டில் முடியும். முந்நூற்றிநாலில் ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து, இராசா, இராணி, எட்டு, ஏழு என்பது வரிசை ஆகையால், அதில் ஊறிய மாமாமார் ஒரு சுற்று நடுவில் “என்ர ஜாக்கை உன்ர இராசா எப்பிடியடா வெல்லும்?” என்று கேட்பது வழக்கம். கழுதையில் துரும்பும் கிடையாது. நான்கு வகைகளும் சம மதிப்பே.

இடமும் வெளிச்சமும்

மினுக்கிய சீமெந்துத் தரையில் தாள் ஒட்டிக்கொண்டு நகத்தால் கிளறினாலும் எழும்பாது. பாயை விரித்து, அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டால் தாளை எடுப்பதும் எளிது, நாலு பேரின் முழங்காலுக்கும் நல்லது. சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் முற்றத்தில் ஆட நினைப்பது வீண் முயற்சி. விறாந்தையில்கூடக் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒருவர் இருக்க வேண்டியிருக்கும். மின்விசிறியை நிறுத்த மனமில்லையென்றால், ஒதுக்கிய தாள்களின் மேல் வைக்க ஒரு கைக்கல்லையாவது தயாராக வைத்திருங்கள். மாரியில் தாள் ஈரப்பதம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டும். சிறிது முகப்பவுடரைத் தூவிக் கலைத்து, துணியால் துடைத்தால் சரியாகும். முதல் மழை பெய்த இரவில் ஈசல் விளக்கை மொய்க்கும் என்பதால், விளக்கு நேரே தலைக்கு மேலே இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பது நல்லது. நுளம்புத்திரியைப் பாயின் ஓரத்தில் அல்லாமல் காற்று வரும் திசையில் தரையில் வைக்க வேண்டும்.

தின்பண்டத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான கருத்து எனக்கு உண்டு. வடையும் கடதாசியும் ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடாது. எண்ணெய் பட்ட தாளை அடையாளம் கண்டுகொள்ள முடியும் என்பதோடு, ஒரே மாதத்தில் கட்டே பாழாகிவிடும். அவித்த பனங்கிழங்கையும் வடையையும் ஆட்டங்களுக்கு நடுவில் உண்ணலாம். ஆடும்போது கொறிக்க வறுத்த கச்சான் போதும்.

தொடங்குமுன் ஒப்புக்கொள்ள வேண்டியவை

கழுதை ஊருக்கு ஊர், சில வேளை வீட்டுக்கு வீடு மாறும் விளையாட்டு. மாங்குளத்தில் ஆடியவரும் வவுனியாவில் ஆடியவரும் ஒரே பாயில் இருந்தால் இரண்டு விதமான விதிகள் வரலாம்; இரண்டும் சரியே, ஆனால் தாள் பகிர்ந்த பிறகு அதைப் பேசக்கூடாது. பின்வரும் நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால் பெரும்பாலான சண்டைகள் பிறப்பதற்கே இடமில்லை. முதற்சுற்றிலேயே, இறங்கிய வகை ஒருவரிடம் இல்லையென்றால் என்ன செய்வது? கையில் தாள் முடிந்த ஒருவரிடம் அடுத்த சுற்றை இறக்கும், அதாவது அதன் முதல் தாளைப் போடும், முறை வந்தால் யார் இறக்குவது? வகை இருந்தும் இல்லையென்று சொல்லி வேறு தாளைப் போட்டவருக்கு என்ன தண்டனை? கழுதையானவர் என்ன செய்ய வேண்டும்? என் விடைகளை உரிய இடங்களில் தருகிறேன். உங்கள் கூட்டத்துக்கு வேறு விடை பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியைப் பற்றி மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுவர்கள் ஆடும்போது கழுதையானவர் கத்திக் காட்ட வேண்டும் என்பார்கள். பள்ளித் தோழர்கள் நடுவே அது வேடிக்கை. புதிதாகக் கலியாணம் முடித்து வந்த மருமகனோ முதல்முறை வீட்டுக்கு வந்த அலுவலக நண்பரோ இருக்கும் கூட்டத்தில் அதைத் தவிருங்கள். கழுதையானவர் எல்லோருக்கும் பிளேன்ரீ போட வேண்டும், அடுத்த ஆட்டத்துக்கு அவரே கலைத்துப் பகிர வேண்டும் என்பது போதும். காசு வைத்து ஆடுவது வேண்டவே வேண்டாம். அது நட்பைக் கெடுக்கும் என்பது ஒருபுறமிருக்க, 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் பணயம் வைத்து விளையாடுவதைக் குற்றமாக்கியிருந்தது. குளக்கட்டும் தெருவோர மதகும் அப்படிப்பட்ட இடங்கள்தாம்.

பகிர்தலும் முதற்சுற்றும்

ஒருவர் கட்டை நன்றாகக் கலைத்து, பக்கத்திலிருப்பவரைக் கொண்டு இரண்டாகப் பிரித்து வைக்கச் செய்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாளாக முழுக் கட்டையும் பகிர வேண்டும். முந்நூற்றிநாலைப் போலவே வலப்பக்கமாகச் சுற்றிவருவதை வைத்துக்கொண்டால் பழகியவர்களுக்குக் குழப்பமிராது. நால்வர் என்றால் ஆளுக்கு 13 தாள்கள். ஐவர் என்றால் இருவருக்கு 11, மூவருக்கு 10. அறுவர் என்றால் நால்வருக்கு 9, இருவருக்கு 8. ஒரு தாள் கூடக்குறைய வந்ததற்காக யாரும் முறையிட வேண்டியதில்லை, இறங்கிய வகை இல்லாத ஒருவர் வேறு தாளால் வெட்ட, இன்னொருவர் பாயிலுள்ள தாள்களை அள்ளும் முதல் வெட்டோடு அந்த வேறுபாடு மறைந்துவிடும். கிடைத்த தாள்களை வகைவகையாக, கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு சிவப்பு வரும்படி விசிறிபோல் அடுக்கிப் பிடியுங்கள். ஸ்பேடும் கிளாவரும் அருகருகே இருந்தால் மங்கலான வெளிச்சத்தில் ஒன்றை மற்றதென்று எண்ணிப் போட்டுவிடுவது எளிது.

ஸ்பேட் ஏஸ் யாரிடம் வந்ததோ அவர் அதைப் பாயின் நடுவில் இறக்கி ஆட்டத்தைத் தொடங்குவார். வலப்பக்கத்தில் இருப்பவர் தொடங்கி மற்றவர்கள் முறையே ஒவ்வொரு ஸ்பேட் தாளைப் போட வேண்டும். ஸ்பேட் இல்லாதவர் விரும்பிய எந்தத் தாளையும் போட்டுக்கொள்ளலாம். இந்த முதற்சுற்றில் மட்டும் யாரும் எதையும் அள்ள வேண்டியதில்லை, ஏனெனில் ஏஸ் வைத்திருந்தவர் அதைத் தன் விருப்பத்தால் இறக்கவில்லை. இறங்கிய தாள்களையெல்லாம் கவிழ்த்து ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஏஸ் போட்டவரே அடுத்த சுற்றையும் இறக்குவார். ஒதுக்கிய தாள்களை மறுபடி எவரும் திருப்பிப் பார்க்கக்கூடாது.

வெட்டு

இரண்டாம் சுற்றிலிருந்துதான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. இறக்குபவர் எந்த வகையிலும் எந்தத் தாளையும் இறக்கலாம். அந்த வகைத் தாள் கையில் இருப்பவர் அதையே போட்டாக வேண்டும்; எதைப் போடுவது என்பது அவரவர் தெரிவு. எல்லோரும் அதே வகையைப் போட்டு முடித்தால் அந்தச் சுற்றுத் தாள்கள் ஒதுக்கப்படும், பெரிய தாளைப் போட்டவர் அடுத்த சுற்றை இறக்குவார். யாரிடமாவது அந்த வகை இல்லையென்றால், அவர் தன் கையிலிருந்து வேறு எந்தத் தாளையாவது போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்த கணத்திலேயே சுற்று நின்றுவிடும். அவருக்குப் பின் இருப்பவர்கள் ஒன்றும் போடத் தேவையில்லை. அதுவரை இறங்கிய வகையில் யார் பெரிய தாளைப் போட்டிருந்தாரோ அவர் வெட்டிய தாள் உட்பட எல்லாவற்றையும் அள்ளிக் கையில் சேர்த்துக்கொண்டு, அடுத்த சுற்றையும் தாமே இறக்க வேண்டும். வெட்டிய தாள் ஏஸாகவே இருந்தாலும் அது பெரிய தாள் என்ற கணக்கில் வராது, இறங்கிய வகையை மட்டுமே பார்க்க வேண்டும்.

கையில் தாள் முடிந்தவர், அந்தச் சுற்று முடியும் வரை தப்பியவராக மாட்டார். அவர் போட்ட கடைசித் தாள் பெரியதாக இருந்து, பின்னால் ஒருவர் வெட்டினால், எழுந்து போக இருந்தவர் மீண்டும் உட்கார்ந்து அள்ள வேண்டியதுதான். வெட்டில்லாமல் சுற்று முடிந்து, பெரிய தாளைப் போட்டவரின் கை வெறுமையாகியிருந்தால், அவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவர் அடுத்த சுற்றை இறக்கலாம். வகை இருந்தும் வெட்டியவர் பின்னர் அகப்பட்டால், அந்த வெட்டினால் அள்ளப்பட்ட தாள்களெல்லாம் அவர் கைக்கு மாற்றப்பட வேண்டும். புதியவர் கவனப்பிசகாகச் செய்திருந்தால் முதல் ஆட்டத்தில் மன்னித்துவிடலாம்.

எந்தத் தாளை எப்போது இறக்குவது

புதியவர்கள் பெரும்பாலும் சிறிய தாளை முதலில் போட்டு, பெரியதைப் பத்திரமாகக் கடைசிவரை வைத்திருப்பார்கள். அதுவே அவர்களைக் கழுதையாக்குகிறது. காரணத்தைக் கணக்கில் காட்டலாம். நால்வர் ஆடும்போது, புதிதாகப் பகிர்ந்த கைகளில் ஒரு வகை முதன்முறை இறங்கினால் நால்வரிடமும் அது இருப்பதற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 95 வாய்ப்பு உண்டு. அதே வகை இரண்டாம் முறையும் வெட்டில்லாமல் கடந்துபோவதற்கு 64 வாய்ப்பு. மூன்று முறையும் கடந்துபோவதற்கோ 10 அல்லது 11தான், ஏனெனில் 13 தாள்களும் மூவருக்கு மும்மூன்றாகவும் ஒருவருக்கு மட்டும் நான்காகவும் பிரிந்திருந்தால் மட்டுமே அது நடக்கும். ஆகவே முதல்முறை இறங்கும் வகையில் ஏஸையும் இராசாவையும் துணிந்து போட்டுவிடலாம். இரண்டாம் முறை யோசிக்க வேண்டும். மூன்றாம் முறை யாராவது வெட்டுவார்கள் என்றே எண்ணிக்கொண்டு சின்னத் தாளைத்தான் இறக்க வேண்டும். ஸ்பேட் ஏஸோடு ஆட்டம் தொடங்குவதால், அதற்குப் பின் ஸ்பேட் இறங்கும்போது அது இரண்டாம் முறை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறுவர் ஆடினால் இந்தக் கணக்கு சுருங்கிவிடும். 13 தாள்களை ஆறு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு வருவதே அரிது, எனவே இரண்டாம் முறையிலேயே வெட்டை எதிர்பார்க்கலாம்.

மூன்றாம் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நீங்கள், உங்களுக்கு வலப்பக்கம் மச்சான், அவருக்கு அடுத்து அக்கா, அவருக்கு அடுத்து தம்பி என நால்வர் இருக்கிறீர்கள். கிளாவர் இரண்டு முறை இறங்கி எட்டுத் தாள்கள் ஒதுங்கிவிட்டன, ஐந்து எஞ்சியிருக்கின்றன. உங்களிடம் 10, 3, மச்சானிடம் 7, அக்காவிடம் இராசா, 5, தம்பியிடம் ஒன்றுமில்லை. நீங்கள் 10ஐ இறக்கினால், மச்சான் 7ஐப் போடுவார், அக்கா இராசாவை ஒளித்துவைத்து 5ஐப் போடுவார், தம்பி கையில் உறுத்திக்கொண்டிருக்கும் டைமன் இராசாவால் வெட்டுவான். நான்கு தாள்களும் உங்கள் தலையில். மாறாக 3ஐ இறக்கினால், மச்சானுக்கு 7ஐத் தவிர வேறு வழியில்லை, அக்கா 5ஐப் போடுகிறார், தம்பி வெட்டுகிறான், அள்ளுபவர் மச்சான். கதை இதோடு முடியவில்லை. அள்ளிய மச்சான் கெட்டிக்காரராக இருந்தால் உடனே அதே 3ஐ மறுபடி இறக்குவார். அக்காவிடம் இப்போது இராசா மட்டுமே இருப்பதால் அதைப் போட்டேயாக வேண்டும். தம்பியிடம் கிளாவர் இல்லையாதலால் அவன் மறுபடி வெட்டுவான். இந்த முறை அள்ளுவது அக்கா. உங்களிடம் 10 இருந்தும், முறை உங்களிடம் வருமுன்னே சுற்று நின்றுவிட்டது.

இந்த எடுத்துக்காட்டில் மச்சான் பார்த்தது தாளை மட்டுமன்று, யார் எங்கே இருக்கிறார் என்பதையும்தான். எந்த வகை யாரிடம் இல்லை என்பது முதல் வெட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது; அதை நினைவில் வைப்பதே இந்த விளையாட்டின் பெரும்பகுதி. வெட்டக்கூடியவர் உங்களுக்குப் பின்னால் போட இருக்கிறார் என்றால், பாயில் கிடக்கும் பெரிய தாளுக்குக் கீழே ஒன்றைப் போட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். சுற்றில் நீங்களே கடைசி ஆள், அதுவரை வெட்டும் விழவில்லை என்றால், உங்கள் கையிலுள்ள மிகப் பெரிய தாளைப் போடுவதில் அள்ள நேரும் என்ற அச்சமே இல்லை, ஏனெனில் உங்களுக்குப் பின் வெட்ட எவருமில்லை. அதற்கு விலையாக அடுத்த சுற்றை நீங்கள் இறக்க வேண்டிவரும். ஆட்டத்தின் முற்பகுதியில் அது பொருட்டல்ல, பிற்பகுதியில் இறக்கும் பொறுப்பே ஆபத்தானது. பெரிய தாள்களைக் கழித்து முடிந்ததும் ஓர் இரண்டையோ மூன்றையோ இறக்கி, அந்தப் பொறுப்பை வேறொருவர் மேல் ஏற்றிவிடுங்கள்.

வெட்ட வாய்ப்பு வரும்போது எந்தத் தாளைப் போடுவது? பதற்றத்தில் கைக்கு வந்த சின்னத் தாளைப் போடுபவர்கள் ஒரு நல்ல வாய்ப்பை வீணாக்குகிறார்கள். பெரும்பாலான வேளைகளில், இரண்டு முறை இறங்கிவிட்ட ஒரு வகையில் உங்களிடம் எஞ்சியிருக்கும் பெரிய தாளே வெட்டுக்கு உகந்தது. ஒரு வகையில் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறதென்றால் அதைப் போட்டுவிடுவதிலும் பயன் உண்டு. அந்த வகையும் கையை விட்டுப் போய், இன்னொரு வெட்டும் இடம் கிடைத்துவிடும்.

நிறைய அள்ளியவர் மனம் தளர வேண்டியதில்லை. கையில் தாள் மிகுந்தவருக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். அவர் தவிர்க்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ஒரு வகையில் எஞ்சிய தாள்களெல்லாம் ஒருவர் கையிலேயே சேர்ந்துவிட்டால், அவர் அந்த வகையை எத்தனை முறை இறக்கினாலும் அடுத்திருப்பவர் வெட்டுவார், இறக்கியவரே வெட்டிய தாளோடு திரும்ப அள்ளுவார். ஒவ்வொரு முறையும் கை ஒரு தாளால் வீங்கும். அப்படிப்பட்ட தாள்களை ஒருபோதும் இறக்காமல், மற்றவர்கள் இறக்கும் வகை தம்மிடம் இல்லாத வேளைகளில் அவற்றை வெட்டுத் தாளாகப் போட்டு ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். அதற்கு முதலில் இறக்கும் பொறுப்பை விட்டுவிட வேண்டும். மற்றவர்களிடம் பெரிய தாள் இருக்கக்கூடிய வகையில் ஒரு சின்னத் தாளை இறக்குவதே அதற்கு வழி.

இருவர் எஞ்சும்போது

மற்றவர்கள் தப்பிப் போய் இருவர் மட்டும் எஞ்சும் கட்டத்தில்தான் எழுந்து போனவர்களும் திரும்பி வந்து பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பவர்கள் இருவரின் கையையும் பார்த்துவிட்டு வாய் திறக்கக்கூடாது என்பதையும் விதியாகவே வைத்துவிடுங்கள். உங்களிடம் ஆட்டின் 4, ஸ்பேட் 9. தம்பியிடம் ஆட்டின் ஜாக், டைமன் 6. இறக்க வேண்டியவர் நீங்கள். ஸ்பேட் 9ஐ இறக்கினால் தம்பி ஆட்டின் ஜாக்கால் வெட்டுவான், நீங்கள் இரண்டையும் அள்ளுவீர்கள், அடுத்து எதை இறக்கினாலும் அவன் டைமன் 6ஐப் போட்டு எழுந்துவிடுவான். ஆட்டின் 4ஐ இறக்கினால், அவன் ஜாக்கைப் போட்டாக வேண்டும், இரண்டும் ஒதுங்கும், பெரிய தாளைப் போட்டதால் அவனே டைமன் 6ஐ இறக்க வேண்டும், உங்களிடம் டைமன் இல்லை, ஸ்பேட் 9ஐப் போட்டு வெட்டி நீங்கள் எழுந்துவிடலாம். எதிராளியிடம் இருப்பது உறுதியாகத் தெரிந்த வகையில், அவருடையதைவிடச் சின்னத் தாளை இறக்குவதே இந்தக் கட்டத்துக்கான முறை. இருவரிடமும் ஒரே வகையில் ஒவ்வொரு தாளே எஞ்சி, இருவர் கையும் ஒருங்கே முடிந்துவிட்டால், பெரிய தாளைப் போட்டவரைக் கழுதை என்று கொள்ளலாம்.

புதியவருக்குக் கற்பிக்கும்போது

விதிகளை முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத் தொடங்குவதைவிட, முதல் ஆட்டத்தை எல்லோரும் தாள்களை முகம் தெரியப் பாயில் விரித்துவைத்து ஆடுவது பயன் தரும். வெட்டு விழும்போது யார் அள்ளுகிறார், ஏன் அள்ளுகிறார் என்பதை அந்த இடத்திலேயே காட்டலாம். இரண்டாம் ஆட்டத்தில் புதியவரை நன்றாக ஆடத் தெரிந்த ஒருவருக்கு வலப்பக்கத்தில் இருத்தாதீர்கள். தெரிந்தவர் இறக்கும் ஒவ்வொரு சின்னத் தாளுக்கும் முதலில் விடை சொல்ல வேண்டியவர் அவராகிவிடுவார். யோசிக்க நேரம் கொடுங்கள், ஆனால் “இதைப் போடுங்கோ அக்கா” என்று பின்னாலிருந்து தாளை இழுத்துப் போடாதீர்கள். தாமே போட்டு அள்ளினால்தான் அந்தப் பாடம் நிற்கும்.

காலபோக நெல் கதிர் முற்றும் நாள்களில் யானைக் காவலுக்காக வயற்கொட்டிலில் இரவு விழித்திருப்பவர்களுக்கும் இது ஏற்ற விளையாட்டே. வெடி கொளுத்தவோ விளக்கடித்துப் பார்க்கவோ நடுவில் எழுந்து போனால், தாள்களைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் திரும்பி வந்து தொடரலாம், கணக்கு எதுவும் குழம்பாது. காவலுக்குப் போனவர்கள் எல்லோருமே ஒரே நேரத்தில் ஆட இருந்துவிடாமல், ஒருவர் முறைவைத்து வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஓர் ஆட்டம் கால் மணி நேரத்தில் முடியலாம், மாறிமாறி அள்ளிக்கொண்டே போய் ஒரு மணி நேரம் இழுக்கவும் செய்யலாம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இருந்தால் தொடங்கும்போதே ஒரு நேரத்தைக் குறித்துவிட்டு, அந்த நேரம் வந்ததும் கையில் அதிகத் தாள் வைத்திருப்பவரைக் கழுதை என்று அறிவித்துவிடலாம். எட்டுப் பேருக்கு மேல் வந்துவிட்டால் இரண்டு கட்டுகளைச் சேர்த்து ஆடுங்கள். அப்போது ஸ்பேட் ஏஸ் இரண்டு இருக்கும், பகிர்ந்தவருக்கு வலப்பக்கமாக எண்ணிவரும்போது முதலில் அகப்படுபவர் தொடங்கட்டும். மற்ற ஏஸும் அதே சுற்றில் விழ வேண்டுமென்பதில்லை. ஒரே சுற்றில் ஒரே மாதிரியான இரண்டு பெரிய தாள்கள் விழுந்தால், பின்னால் போட்டவருடையதே பெரியது.